மூன்றாவது கியரில் அரசலாற்றுப் பாலம்

என் அண்ணன் நடராசன் ஒரு காரியத்தை முடித்துவிட்டுத்தான் வீட்டில் சொல்லுவான். கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. பாரிசில் வேலை, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஆகஸ்ட் மாத லீவில் காரைக்கால். வந்தால் எல்லோருக்கும் ஒரு சென்ட் பாட்டில், கூடவே ஒரு மூட்டை புத்திமதி. எழுபத்தெட்டாம் வருஷமும் அப்படித்தான் வந்து இறங்கினான். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, விரால்மீன் குழம்புக்கு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"அப்பா காரை மெட்ராஸ்ல ஒருத்தருக்குக் குடுக்கறதா சொல்லிட்டேன் அல்லி. பழைய காரா பாத்துப் பாத்துச் சேக்கறவரு. வர்ற மாசம் மொத ஞாயித்துக்கெழம லாரியோட வர்றாரு."

கரண்டி என் கையில் இருந்தது. அப்படியே குழம்பை அவன் தலையில் ஊற்றியிருப்பேன். அம்மா பார்த்த பார்வையில் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"இதுல கேக்க என்ன இருக்கு? அப்பாவோட வண்டி. நான் மூத்த பிள்ளை."

"அப்பாவுக்கு நான் யாரு, அடுத்த வீட்டுக்காரியா? நீ பிரெஞ்சுக்காரன்தானே? உன் சட்டத்துலயே பொண்ணுக்குச் சரிபாதி உண்டுன்னு நீதான் போன லீவுல பெருமையா சொன்ன."

"சரி, பாதி வச்சுக்கோ."

"பாதிக் காரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணறது? ஊறுகாய் போடறதா?"

அம்மா கமலாம்பாள் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு மீனைப் பார்த்துப் பேசினாள். "சாப்புடறப்பவாவது சண்டை போடாம இருக்குதுங்களா பாரு."

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து நாலில் வெள்ளைக்காரர்கள் காரைக்காலை விட்டுக் கிளம்பியபோது, ஓர் அதிகாரி கப்பலில் ஏற்றாமல் விட்டுப்போன பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் கார் அது. சைகோனில் சிப்பாயாக இருந்து திரும்பியிருந்த அப்பா வாங்கிக்கொண்டார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது, ஸ்டியரிங் இடது பக்கம், முன்புறம் நீளமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஊரில் அதற்கு 'ரெண்டு சீட்டு' என்றே பெயர். அப்பா போன பிறகு அதை ஓட்டுகிறவள் நான். எங்கள் வீடு தருமபுரத்தில். எனக்கு நெடுங்காடு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. போக வர அந்தக் கார்தான். பஸ் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. எனக்குக் காரில் போகத்தான் பிடிக்கும். மாயவரத்தில் கட்டிக்கொடுத்து இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தவள், கூரையில்லாத வண்டியில் முடி பறக்கப் போகிறாளே என்று வயிறு எரிந்தவர்கள் உண்டு. நன்றாக எரியட்டும் என்று அவர்கள் வாசலில் ஒரு ஹாரன் சேர்த்து அடிப்பேன்.

வண்டியில் ஒரு கோளாறு இருந்தது, இல்லை என்று சாதிக்க மாட்டேன். மூன்றாவது கியர். போடும்போது கறகறவென்று கத்தும். போட்ட பிறகு வண்டிக்குப் பாரம் கூடினால் தானாகவே நழுவி வெளியே வந்துவிடும். வலது முழங்காலால் கியர் கம்பிக்கு முட்டுக் கொடுத்தே நான் இரண்டு வருஷம் ஓட்டியிருந்தேன். அந்த இடத்தில் புடவைக்குப் புடவை ஒரு கருப்புக் கறை.

மறுநாள் அண்ணன் தானும் வருகிறேன் என்று பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டான். எங்கள் ஊர் தட்டையான ஊர். மேடு என்று ஒன்று வேண்டுமானால் அரசலாற்றுப் பாலத்துக்குத்தான் போக வேண்டும். பாலத்தில் ஏறும்போது என் முழங்காலைப் பார்த்துவிட்டான்.

"காலை எடு."

"எடுக்க மாட்டேன்."

"எடு, பாப்போம்."

எடுத்தேன். கியர் டக்கென்று நழுவியது, என்ஜின் வெறுமனே அலறியது, பாதிப் பாலத்தில் பிரேக்கை மிதித்து நின்றேன். பின்னால் வந்த நாகப்பட்டினம் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அண்ணன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, சின்னப் பிள்ளை உளறினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

"கியர்பாக்ஸ் ஃபினி அல்லி, தீந்துபோச்சு. இதுக்கு ஸ்பேர் பிரான்சுலயே கெடைக்காது. நான் விசாரிச்சுட்டேன். அவராவது கண்ணாடி மாதிரி தொடச்சு நிறுத்தி வச்சுக்குவாரு."

"நிறுத்தி வைக்கறதுக்கு எதுக்குக் கார்? இந்தக் கியரை நான் சரி பண்ணிட்டா?"

"யாரு, நீயா?"

"நான்தான்."

பஸ்காரன் இறங்கி வந்துவிட்டான். அண்ணன் அவனைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு என்னிடம் திரும்பினான். "முட்டுக் குடுக்காம, கையும் படாம, கியர் கத்தாம மூணாவதுல இந்தப் பாலம் ஏறட்டும். மெட்ராஸ்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சாயங்காலமே அல்லாபிச்சை பாயிடம் போனேன். ஆற்றோரத்தில் விசைப்படகு என்ஜின் பார்க்கிற பட்டறை. சொந்தமாக ஒரு லேத் மிஷினும் அதைவிடப் பெரிய வாயும் உள்ள மனிதர். எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்பார். முடியாது என்றார். மறுநாளும் போய் நின்றேன். அன்றைக்கும் முடியாதுதான். மூன்றாவது தடவை, "உங்களால முடியலைன்னா பரவாயில்ல பாய், நாகூர்ல ஒருத்தரு இருக்காராம்" என்றேன். அப்படி ஒருத்தரும் கிடையாது. அடுத்த நாள் காலையில் ஸ்பானர் பெட்டியோடு எங்கள் கொல்லையில் நின்றார்.

கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தோம். பிரித்தோம் என்றுதான் சொல்லுவேன், அவர் மட்டும் பிரிக்கவில்லை. வடிந்த எண்ணெயில் பித்தளைப் பொடி மினுமினுத்தது. பாய் அதை விரலில் தொட்டுப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"மூணாவது கியரு மவுத்து நர்ஸம்மா, செத்துப்போச்சு. இந்தப் பாருங்க. இது பித்தளை வளையம், மூணுக்கு ஒண்ணு, நாலுக்கு ஒண்ணு. கியரைப் போடறப்ப இது மொதல்ல போயி கியரோட இரும்புச் சரிவைக் கவ்வும். ரெண்டும் ஒரே வேகத்துக்கு வந்தப்புறம்தான் பல்லு பல்லுல சேரும். இது தேஞ்சு மொழுக்குன்னு ஆயிடுச்சு, கவ்வல. அதான் கத்துது."

"நழுவறது?"

"அது இந்த மேல் உறை, வளையத்தைத் தாண்டிப் போயி கியரைப் பூட்டறது இதுதான். உள்ளாற பல்லு இருக்குல்ல, மூணாவது பக்கம் பூராவும் தேஞ்சு சாஞ்சு போச்சு."

நான் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாலாவது பக்கத்துப் பல் புதுசாகத்தான் இருந்தது.

"இதை அப்படியே திருப்பிப் போட்டா?"

பாய் உறையை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தார். "நாலாவதுக்கு அவ்வளவா பாரம் வராது. போடலாம்" என்றார். பிறகு, "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார். சொல்ல வரவே இல்லை. போகட்டும், ஒரு கோளாறுக்கு வழி பிறந்தது. இரண்டு வளையத்தையும் மாதிரிக்கு வைத்துக்கொண்டு புதுசு கடைந்துவிடலாம் என்று அவரே சொன்னார். நான் அவற்றை மண்ணெண்ணெயில் போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி, பளபளவென்று ஒரு தட்டில் வைத்துக் கிணற்றடிச் சுவர்மேல் காயப் போட்டுவிட்டு டியூட்டிக்குப் போனேன்.

அங்கேதான் வந்தது வினை. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பித்தளை வைத்துப் புழங்குவதே கேவலம் என்று ஆகியிருந்தது. பழைய பித்தளையைப் போட்டு எவர்சில்வர் வாங்குகிற வெறி. தள்ளுவண்டியில் பாத்திரக்காரன் வருவான். குடம், அண்டா, குத்துவிளக்கு வரைக்கும் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ஒரு எவர்சில்வர் டம்ளரை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாத்தியா? நல்ல கனம். உடைஞ்ச சொம்பும் கிணத்தடியில கெடந்த அந்த ரெண்டு ஓட்டை வளையமும் போட்டேன். சொம்புக்கு மட்டும் தர மாட்டேன்னான். வளையத்தைப் பாத்ததும் வாயைத் தொறக்கல."

எனக்குக் காதில் வண்டு புகுந்த மாதிரி ஆகிவிட்டது. "அம்மா, அது காரோட வளையம்!"

"காருக்கு எதுக்குடி வளையம்? பல்லு பல்லா நெளிஞ்சு தேஞ்சு போனதுன்னு நீங்கதானே பேசிக்கிட்டீங்க? நீதான் தேய்ச்சுக் கழுவித் தட்டுல வச்சிருந்த. போடறதுக்குத்தான் வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

அவளைக் குற்றம் சொல்லி என்ன? எங்கள் தெருவில் பித்தளையை விளக்கித் தட்டில் வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆனால் நான் அன்றைக்கு அப்படி நியாயம் பேசவில்லை. கத்தினேன். டம்ளரைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தேன். அண்ணன் உள்ளேயிருந்து வந்து, சிரிப்பை அடக்க முடியாமல், "போனா போவுது அல்லி, விடேன்" என்றான். அவனையும் எறிந்திருப்பேன், கனம் அதிகம்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பாத்திரக்காரனைத் தேடிப் போனேன். பெரிய கடைத் தெருவில் பிடித்தேன். மூட்டை மத்தியானமே கும்பகோணத்துக்கு ஏறிவிட்டது, உருக்குவதற்கு. "சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேனுங்களே" என்று அவன் தலையைச் சொறிந்தான். சாப்பிடாமல் கொள்ளாமல் அப்படியே ஆற்றோரத்துக்கு மிதித்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் அல்லாபிச்சை பாய் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. மாதிரியே இல்லாம எதைப் பாத்துக் கடையறது? வுட்டுடுங்க நர்ஸம்மா. உங்க அண்ணன் சொல்றதுலயும் நாயம் இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு உச்சந்தலை சுட்டது.

"அந்த வளையம் தேஞ்ச வளையம் பாய். அதைப் பாத்துக் கடைஞ்சா தேஞ்ச அளவுதானே வரும்? அது எதுமேல போயி உக்காரணுமோ அந்தச் சரிவு நம்மகிட்டதான் இருக்கு. இரும்பு, தேயல. அதுக்குத் தகுந்த மாதிரி கடைங்க."

"பல்லு?"

"கியர் பக்கத்துல அதே கணக்குக்குப் பல்லு இருக்குல்ல? வளையத்து மேல வச்சுக் கோடு போடுங்க. வெட்டறது என் வேலை."

"உங்க வேலையா? அரம் பிடிச்சிருக்கீங்களா?"

"நீங்க ஊசி போட்டிருக்கீங்களா? கத்துக்கிட்டா வரும்."

பாய் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், "அல்லாவே" என்றார். எழுந்துபோய் மூலையில் கிடந்த ஒரு படகு புஷ்ஷைக் காலால் உருட்டிக்கொண்டு வந்தார். விசிறி சுற்றுகிற தண்டு படகுக்குள்ளிருந்து தண்ணீருக்குள் போகும் இடத்தில் அதைத் தாங்கி நிற்கிற வெண்கல உருளை. உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்காகக் கிடந்தும் தின்னாமல் நிற்கிற உலோகம். "பித்தளையைவிட இது ஒசத்தி. ஆனா ஒண்ணு, சரியா வரலேன்னா என்னைய ஏசக் கூடாது" என்றார்.

ஏசினேன், அது வேறு விஷயம். டியூட்டி முடிந்து தினமும் நேரே பட்டறைக்குப் போனேன். மின்சாரம் இருக்கிற நேரத்தில் லேத், இல்லாத நேரத்தில் அரம். துணிக்குப் போடும் நீலத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து கியரின் சரிவில் பூசி, வளையத்தை உட்கார வைத்து ஒரு திருப்புத் திருப்பி எடுத்தால், எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று தெரியும். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் வெறுமை. கொஞ்சம் சீவு, மறுபடி பூசு. ஒரு புஷ் இதிலேயே வீணானது. பாய் இன்னொன்றை எடுக்கும்போது முனகியதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பல் வெட்டுவது என் பங்கு. வலது கை விரல் மடிப்பெல்லாம் கிழிந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்ட வந்தவர்கள் என் கையைப் பார்த்து, "உங்களுக்கு யாரு நர்ஸம்மா கட்டுவாங்க?" என்றார்கள்.

அண்ணன் ஒரு நாள் பட்டறை வாசல் வரைக்கும் வந்தான். உள்ளே வரவில்லை. முழுக்கால் சட்டையில் கறை பட்டுவிடும் என்று நின்றபடியே பார்த்தான்.

"எதுக்கு இந்தக் கஷ்டம் அல்லி? உனக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தரேன். புதுசு."

"ஸ்கூட்டரை அந்த மெட்ராஸ்காரருக்கு வாங்கிக் குடு."

பாய் அரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அண்ணன் முகம் சுருங்கிப்போனது, திரும்பிப் போய்விட்டான். எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

இரண்டு வளையமும் முடிந்தன. சரிவு முழுக்க நீலம் ஒட்டியது, பல்லோடு பல் சேர்ந்தது. கியரின் மேல் வைத்து அழுத்தித் திருப்பினேன், கவ்விக்கொண்டது. நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கருவாட்டுக் கொட்டகையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. பாய் ஒரு சொட்டு கியர் ஆயிலைச் சரிவில் விட்டார். "இப்பத் திருப்புங்க." திருப்பினேன். வளையம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. துளி பிடிமானம் கிடையாது. எண்ணெயிலேயே முங்கிக் கிடக்கிற சாமான், எண்ணெய் பட்டதும் கவ்வவில்லை என்றால் அதை வைத்து என்ன செய்வது?

"அளவு சரி, பல்லு சரி, அப்பறம் ஏன் கவ்வல?" என்று பாய் தொடையில் அடித்துக்கொண்டார்.

மறு ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது. வளையத்தின் உள்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மொழுமொழுவென்று இருந்தது. அப்போதுதான் விரலுக்கு நினைவு வந்தது. பழைய வளையத்தைக் கழுவும்போது இப்படி இல்லை. நடுவில் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தாலும், தேய்மானம் படாத ஓரத்தில் நகத்துக்கு ஏதோ இடறியது. மெல்லிசாக, வரி வரியாக. அழுக்கு என்று நினைத்து அதிகமாகத் தேய்த்தேன்.

"பாய், பழைய வளையத்துல உள்ளாற கோடு இருந்துச்சு. நூல் நூலா."

"எங்க? நான் பாக்கலையே."

"நான் கழுவினேன் பாய். என் நகம் பட்டுச்சு. ஓரத்துல இருந்துச்சு."

பாய் நிமிர்ந்தார். "மரை! மெல்லிசா மரை வெட்டியிருப்பான். எண்ணெய் அந்தப் பள்ளத்துல எறங்கிடும், மேடு போயி இரும்பைக் கவ்வும். யா அல்லா, மொழுக்குன்னு இருந்தா அம்மியே அரைக்காதே!" என்றபடியே லேத்துக்கு ஓடினார். இருக்கிறதிலேயே மெல்லிய உளியைத் தீட்டி, மூச்சுவிடாமல் உள்ளே ஒரு மரை வெட்டினார். எண்ணெய் விட்டுத் திருப்பினேன். ஒரு நொடி வழுக்கியது, அப்புறம் பிடித்தது பாருங்கள், கையால் பிரிக்க முடியாமல் மரக்கட்டையால் தட்டித்தான் எடுத்தோம்.

சனிக்கிழமை கியர்பாக்ஸ் ஏறியது. உறையைத் திருப்பிப் போட்டோம். தேய்ந்திருந்த பேரிங்குக்குப் பதில் நாகப்பட்டினத்தில் அதே நம்பரில் புதுசு கிடைத்தது. நான் வண்டியை எடுத்துப் பார்க்கவில்லை. பாய் வற்புறுத்தினார். "எங்க அண்ணன் பக்கத்துல இருக்கறப்பதான் மொதல்ல ஏறணும்" என்றேன். திமிர்தான். இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை லாரி வந்து தெருமுனையில் நின்றது. மெட்ராஸ்காரர் கருப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக மரியாதையான மனிதர். அம்மா அவருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணனைக் காரில் ஏற்றினேன். அண்ணன் என் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தான். புடவையை இழுத்துச் செருகி, காலைக் கதவோரம் ஒதுக்கி வைத்துக்கொண்டேன்.

அரசலாற்றில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடியது. பாலத்துக்கு முன்னால் இரண்டாவதிலிருந்து மூன்றாவதைப் போட்டேன். ஒரு சத்தம் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. கையைக் கம்பியிலிருந்து எடுத்து அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினேன். வண்டி ஏறியது. பாதிப் பாலத்தில் வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினேன். கியர் கம்பி அசையவில்லை. உச்சிக்குப் போய், இறங்கி, திரும்பி, மறுபடியும் ஏறினேன். எனக்கு ஊளையிட வேண்டும்போல் இருந்தது, ஊளையிட்டேன். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். ஆட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் நிஜமான சந்தோஷம்.

"பிரமாதம் அல்லி. நெனச்சுக்கூடப் பாக்கல. அவரு குதிக்கப் போறாரு பாரு. ஓடாத வண்டின்னு நெனச்சுதான் வந்திருக்காரு."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். "என்ன சொன்ன?"

"இல்ல... அவ்வளவு தூரம் லாரியோட வந்துட்டாரு. எப்படித் திருப்பி அனுப்பறது? நான் ஒரு வார்த்தை குடுத்துட்டேன்ல. அன்னிக்குப் பாலத்துல ஏதோ பேச்சுக்குச் சொன்னது."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவனுக்காகவா, இவன் ஒரு வார்த்தைக்காகவா இத்தனை நாள் விரலைக் கிழித்துக்கொண்டேன்? அந்நியனுக்குக் கொடுத்தால் வார்த்தை, தங்கைக்குக் கொடுத்தால் பேச்சு. "சரி" என்றேன். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். மெட்ராஸ்காரர் என்ஜின் சத்தம் கேட்டு ஓடிவந்தார். நான் கொல்லைக்குப் போய் ஸ்பானர் பெட்டியையும் ஒரு பழைய அண்டாவையும் எடுத்து வந்தேன். வாசலில் கோணி விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் புகுந்தேன். திருகாணியைக் கழற்றியதும் கியர் ஆயில் அண்டாவில் கொழகொழவென்று விழுந்தது.

மெட்ராஸ்காரருடைய பளபளப்பான செருப்புகள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றன. "சார், உங்க தங்கச்சி என்ன செய்யறாங்க?"

அடியிலிருந்தே நான் பதில் சொன்னேன். "நீங்க பேசினது எந்த வண்டிங்க? மூணாவது கியர் இல்லாத வண்டிதானே? அதையே எடுத்துட்டுப் போங்க. உள்ளாற ரெண்டு வளையம் கெடக்கு, அது அப்பாவோடது இல்ல, அண்ணனோடதும் இல்ல. என்னோடது. அதைக் கழட்டி எடுத்துக்கிட்டுத் தர்றேன். சாயங்காலம் ஆவும், நெழல்ல உக்காருங்க."

தெருவே கூடிவிட்டது. அம்மா வாசற்படியில் நின்று, "ஏண்டி, நடுத்தெருவுல இப்படியா படுத்துக் கெடப்ப?" என்றாள். நான் அடுத்த போல்ட்டைத் திருகினேன். அல்லாபிச்சை பாய் வண்டி பாலத்தில் ஏறியதா என்று பார்க்க வந்திருந்தார் போலிருக்கிறது; என்ன நடக்கிறது என்று ஒருத்தரையும் கேட்கவில்லை, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கத்திலிருந்து அடியில் வந்தார். "பதினாலாம் நம்பரு குடுங்க" என்றார். கொடுத்தேன்.

அப்புறம் அண்ணன் தெருவில் உட்கார்ந்தான். கறை படாத அந்த முழுக்கால் சட்டையோடு மண்ணில் குந்தி, குனிந்து என்னைப் பார்த்தான். நான் அழுதுகொண்டிருந்தேன். எண்ணெய்க் கையால் துடைத்து முகமெல்லாம் கருப்பு.

"அல்லி, வெளியே வா."

"வர மாட்டேன். எனக்கு இந்தக் காரு வேணும் அண்ணே. வேலைக்குப் போறதுக்குன்னு இல்ல, அப்பா ஞாபகம்னு இல்ல. எனக்கு வேணும். கெஞ்சறேன்னு நெனச்சுக்காத. வேணும்னு சொல்றேன்."

அவன் என் கையைப் பார்த்தான். விரல் மடிப்பில் காய்ந்த ரத்தமும் புது எண்ணெயும். மேலே மெட்ராஸ்காரரின் குரல் கேட்டது, மரியாதையாகத்தான். "சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த வண்டி யாரோடது?"

அண்ணன் எழுந்தான். எனக்கு அவனுடைய முழங்கால் மட்டும்தான் தெரிந்தது, இரண்டிலும் மண்.

"தங்கச்சியோடதுங்க" என்றான். "கேக்காம வாக்குக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்கணும்."

செருப்புகள் திரும்பி நடந்தன. தெருமுனையில் லாரி கிளம்புகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நான் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. அல்லாபிச்சை பாய் கழற்றிய போல்ட்டை முனகிக்கொண்டே மாட்ட ஆரம்பித்தார்.

அண்ணன் மறுபடி குனிந்தான். "போயிட்டாரு. இப்பவாவது வெளியே வா."

"வேலை இருக்கு. ஆயிலு பூரா வடிஞ்சிடுச்சு" என்று காலி டின்னை அவன் பக்கம் உருட்டிவிட்டேன். "கடைக்குப் போயி வாங்கிட்டு வா."

டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். "எந்த ஆயிலுன்னு கேக்கணும்?"

"கியர் ஆயில், தொண்ணூறாம் நம்பரு. வேற எதையாவது சொல்லி ஏமாத்துவான், என்னைக் கேக்காம வாங்கிடாத."